‘செல்ப்’ எடுக்கவில்லை

வட இந்தியாவின் குளிர்காலத்தில், விடியற்காலையில் ஒரு காரைக் கிளப்ப முயன்றவர்கள் அந்த ஓசையை எளிதில் மறக்கமாட்டார்கள். சாவியைத் திருப்புகிறோம். எஞ்சின் ஓடத் தொடங்குவதற்குப் பதிலாக, உள்ளே எங்கோ ‘தட்’ என்று ஒரு சிறு சத்தம் கேட்கிறது. பிறகு மௌனம். மீண்டும் திருப்புகிறோம், மீண்டும் அதே ‘தட்’. கம்பளியைப் போர்த்திக்கொண்டு பால் வாங்கச் செல்லும் அண்டை வீட்டுக்காரர் சற்று நின்று பார்த்து, “செல்ப் போய்விட்டது” என்று தீர்ப்புக் கூறிவிட்டு நடக்கிறார்.

‘செல்ப்’ என்னும் இந்தச் சொல் இந்நாட்டின் பொதுச் சொற்களுள் ஒன்று. தானே கிளப்பும் கருவி என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதற்பாதியை மட்டும் நறுக்கி எடுத்து நம் மெக்கானிக்குகள் சூட்டிய பெயர் அது. தமிழில் ‘செல்ப் எடுக்கவில்லை’ என்கிறோம். இந்தி பேசுவோர் ‘காடி செல்ப் நஹீ உட்டா ரஹீ’ என்கிறார்கள். இரு மொழியிலும் குற்றவாளி ஒருவனே. ஆனால், குற்றம் உண்மையில் அவனுடையதுதானா என்று விசாரிப்பவர் சிலரே. அந்த விசாரணை எப்படி நடக்கவேண்டும் என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

இதை இங்கே பேசுவதற்குக் காரணம் உண்டு. சொந்த ஊரில் இருந்தால் தெருமுனையில் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருப்பார். நம் தகப்பனாரின் ஸ்கூட்டரையும் அவரே பார்த்திருப்பார். “அண்ணே, வண்டி மக்கர் பண்ணுகிறது” என்றால் போதும். மற்றதை அவர் கவனித்துக்கொள்வார். வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு அந்த வசதி இல்லை. பாதி தெரிந்த மொழியில் நோயைச் சொல்கிறோம். பாதி புரிந்த மொழியில் மருந்தைக் கேட்கிறோம். எழுதிக் கொடுத்த தொகையை முழுமையாகச் செலுத்திவிட்டு வருகிறோம். ஆதலின் நோயின் குணங்களை நாமே ஓரளவு அறிந்து வைத்திருப்பது நன்று.

நம் அனுபவத்தையே முதலில் சொல்லிவிடுகிறோம். 2019-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். தில்லியில் நல்ல மூடுபனி. அடுத்த வீட்டு மாமிக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்தில் இரண்டு நாள் டயாலிசிஸ் செய்தாக வேண்டும். அவருடைய மகன் வெளிநாட்டில் இருந்தார். காலை ஆறரை மணிக்குள் மருத்துவமனையில் இருக்கவேண்டும். தாமதமானால் யந்திரம் அடுத்த நோயாளிக்குப் போய்விடும். பத்தாண்டு ஓடிய நமது சிறிய பெட்ரோல் காரில் அவரை அழைத்துச் செல்வது வழக்கம். அன்று காலை வண்டி ‘தட்’ என்றதோடு சரி. பனியில் ஆட்டோவும் இல்லை, டாக்சியும் இல்லை. குடியிருப்பின் காவற்காரரும் செய்தித்தாள் போட வந்த இரண்டு இளைஞர்களும் சேர்ந்து தள்ளினார்கள். இரண்டாம் கியரில் வண்டி கிளம்பிவிட்டது. மாமி பின் இருக்கையில் கைப்பையை இறுகப் பிடித்தவாறு ஒன்றும் பேசாமல் அமர்ந்திருந்தார்.

அன்று மாலையே வண்டியை ஒரு பெரிய பணிமனையில் விட்டோம். மறுநாள், “செல்ப் எரிந்துவிட்டது, புதிதாக மாற்றியாயிற்று” என்றார்கள். ஆறாயிரத்து ஐந்நூறு ரூபாய். செலுத்தினோம். வண்டியும் நன்றாகவே கிளம்பிற்று. ஆனால் அது பன்னிரண்டே நாட்களுக்குத்தான். பதின்மூன்றாம் நாள், மாமியை ஏற்றிக்கொண்ட பிறகு, புதுச் செல்ப்பும் அதே ‘தட்’ என்றது. நம் முகத்தைப் பார்த்த மாமி, “பதறாதேப்பா, போன தடவை மாதிரி தள்ளிப் பார்க்கலாம்” என்று நமக்கே ஆறுதல் சொன்னார். நோயாளி நமக்கு ஆறுதல் சொல்லும் நிலைக்கு வந்துவிட்டோமே என்ற வெட்கந்தான் இந்த விஷயத்தைக் கற்றுக்கொள்ளச் செய்தது.

நிற்க. புதிதாக மாற்றிய செல்ப் ஏன் வேலை செய்யவில்லை? இதற்கு விடை காணவேண்டுமானால், அந்தக் கருவி என்ன செய்கிறது என்பதை முதலில் பார்க்கவேண்டும்.

பெட்ரோல் எஞ்சினும் சரி, டீசல் எஞ்சினும் சரி, நின்ற நிலையிலிருந்து தாமாக ஓடத் தொடங்கமாட்டா. யாராவது முதலில் சுழற்றிவிட வேண்டும். தொடக்க காலத்தில் வண்டியின் முன்புறம் ஒரு கைப்பிடியை நுழைத்துக் கையால் சுழற்றினார்கள். நம் நாட்டுப் பழைய அம்பாசிடர் வண்டிகளின் முகப்பில் அந்தக் கைப்பிடிக்கென்றே ஒரு துளை இருந்தது பலருக்கு நினைவிருக்கும். சில வேளைகளில் எஞ்சின் எதிர்த்திசையில் உதைக்கும். சுழற்றியவரின் மணிக்கட்டு முறியும். மணிக்கட்டருகே ஏற்படும் ஒருவகை எலும்பு முறிவுக்கு மருத்துவ நூல்களில் ‘காரோட்டியின் முறிவு’ என்றே பெயர் ஏற்பட்டுவிட்டது.

இந்த இடரை நீக்கிய பெருமை சார்லஸ் கெட்டரிங் என்னும் அமெரிக்கப் பொறியாளரைச் சேரும். அவர் அமைத்த மின்சார முறை 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் வந்தது. அதற்கு முன் அவர், கடைகளில் பணம் வாங்கும் பதிவு யந்திரத்தை மின்சாரத்தால் இயக்குவதற்கு ஒரு சிறு மோட்டாரை அமைத்தவர். அந்த மோட்டார் நாள் முழுதும் ஓடவேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் சில விநாடி உழைத்தால் போதும். சில விநாடிகளே உழைக்கும் மோட்டாரிடம் அதன் அளவுக்கு மீறிய வேலையை வாங்கலாம் என்ற உண்மையை அங்கே கண்டவர், அதையே காருக்கும் பயன்படுத்தினார். இன்றைய செல்ப்பின் பலமும் இதுதான், பலவீனமும் இதுதான். சில விநாடி எனின் மல்லன். ஒரு நிமிடம் விடாமல் சுழற்றினால் கருகிப்போவான்.

இனி, சாவியைத் திருப்பும்போது நடப்பதைப் பார்ப்போம். சாவியிலிருந்து புறப்படும் சிறிதளவு மின்சாரம் ஒரு மெல்லிய கம்பி வழியாகச் செல்ப்பின் முதுகில் அமர்ந்திருக்கும் சாலினாய்டு என்ற மின்காந்தத்தை அடைகிறது. சாலினாய்டு இரண்டு காரியங்களை ஒரே இழுப்பில் செய்கிறது. ஒன்று, மோட்டாரின் நுனியிலுள்ள சிறு பல்சக்கரத்தை முன்னே தள்ளி, எஞ்சினின் பெரிய வளையப் பல்சக்கரத்துடன் கோத்துவிடுகிறது. மற்றொன்று, பாட்டரியிலிருந்து வரும் பருத்த கம்பிக்கும் மோட்டாருக்கும் இடையே உள்ள செம்புத் தொடுமுனைகளை இணைத்துவிடுகிறது. அப்போதுதான் பெரு மின்சாரம் பாய்ந்து மோட்டார் சுழல்கிறது. சிறு சக்கரத்துக்குப் பத்துப் பல் எனின், பெரிய வளையத்துக்கு நூற்றுக்கு மேல் இருக்கும். மோட்டார் பத்துச் சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றும். எஞ்சின் பிடித்துக்கொண்டதும் சாவியை விடுகிறோம். சிறு சக்கரம் பின்வாங்கிக்கொள்கிறது.

அந்தச் சிறு சக்கரத் தொகுதியை நம் மெக்கானிக்குகள் ‘பெண்டிக்ஸ்’ என்பார்கள். பழைய வண்டிகளில் வேறொரு விதமாகப் பல் கோக்கும் அமைப்பு இருந்தது. அது வின்சென்ட் பெண்டிக்ஸ் என்ற அமெரிக்கரின் பெயரால் வழங்கிற்று. அமைப்பு மாறியும் பெயர் மாறவில்லை.

இங்கே ஒரு கணக்கை மனத்தில் இருத்துவது அவசியம். முகப்பு விளக்குகள் இரண்டும் சேர்ந்து உண்ணும் மின்சாரம் ஏறக்குறைய 10 ஆம்பியர். செல்ப், சிறிய பெட்ரோல் காரிலேயே, 100 ஆம்பியருக்கு மேல் கேட்கும். டீசல் வண்டியில் இன்னும் அதிகம். மின்சாரம் செல்லும் வழியில் எங்கோ ஒரு திருகாணி துருப்பிடித்து, ஓர் ஓமில் இருபதில் ஒரு பங்கு தடை ஏற்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவ்வழியே விளக்குக்குச் செல்லும் 10 ஆம்பியர், அரை வோல்ட்டைத்தான் இழக்கும். விளக்கு நன்றாகவே எரியும். 100 ஆம்பியர் அவ்வழியே செல்ல முயன்றால் 5 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். 12 வோல்ட்டில் 5 போனால் செல்ப்புக்கு மிஞ்சுவது யாது? ஆகவே, “விளக்கு எரிகிறது, ஹாரன் அடிக்கிறது, எனவே பாட்டரியும் கம்பியும் சரி” என்று முடிவு கட்டுவது தவறு.

மற்றோர் உண்மையும் உண்டு. மின்சாரம் பாட்டரியின் நேர்முனையிலிருந்து செல்ப்புக்குப் போனால் மட்டும் போதாது. அங்கிருந்து எதிர்முனைக்குத் திரும்பி வரவும் வேண்டும். போகும் வழி சிவப்புக் கம்பியாகக் கண்ணுக்குத் தெரிகிறது. திரும்பும் வழி எஞ்சினின் இரும்பு உடல், அதையும் வண்டியின் உடலையும் இணைக்கும் பின்னல் பட்டை, அங்கிருந்து பாட்டரிக்கு வரும் கறுப்புக் கம்பி ஆகியவற்றால் ஆனது. இதனைத்தான் ‘எர்த்’ என்கிறோம். பலரும் போகும் வழியை மட்டுமே ஆராய்கிறார்கள்.

இனி நோயைக் காணும் முறை. முதற்கருவி நம் காது. சாவியைத் திருப்பினால் ‘டக டக டக’ என்று விரைவாகத் துடிக்கிறதா? பெரும்பாலும் பாட்டரி சோர்ந்திருக்கிறது, அல்லது அதன் முனைகள் தளர்ந்திருக்கின்றன. சாலினாய்டு இழுக்கிறது, பெரு மின்சாரம் பாய்ந்தவுடன் வோல்ட் சரிகிறது, பிடி விடுகிறது, வோல்ட் மீள்கிறது, மறுபடி இழுக்கிறது. அதுவே அந்தத் துடிப்பு. ஒரே ஒரு ‘தட்’ எனின், சாலினாய்டு இழுத்துவிட்டது, ஆனால் மோட்டார் சுழலவில்லை என்று பொருள். தொடுமுனை கருகியிருக்கலாம், மோட்டாரினுள் கார்பன் தேய்ந்திருக்கலாம், பருத்த கம்பியிலோ எர்த்திலோ குறை இருக்கலாம். யாதொரு சத்தமும் இல்லையெனின், சாவியின் விசை, பியூஸ், ரிலே, சாலினாய்டுக்கு வரும் மெல்லிய கம்பி ஆகியவற்றை நோக்கவேண்டும். புதிய வண்டிகளில் கிளட்சை மிதித்தால்தான், அல்லது தானியங்கிக் கியர் ‘பார்க்’ நிலையிலோ நடுநிலையிலோ இருந்தால்தான், மின்சாரம் செல்லும், அதையும் பார்க்கவேண்டும்.

மோட்டார் ‘விர்’ரென்று சுழல்கிறது, எஞ்சின் அசையவில்லை எனின், பெண்டிக்ஸ் வழுக்குகிறது. கரகரவென்று பல்லைக் கடிப்பதுபோல் ஓசை எழுந்தால், பற்கள் தேய்ந்திருக்கும், அல்லது செல்ப்பைப் பிடித்திருக்கும் நட்டுகள் தளர்ந்திருக்கும். இவ்வோசையை அலட்சியம் செய்தால் பெரிய வளையமும் கெடும். அதை மாற்றக் கியர்ப்பெட்டியையே இறக்க நேரும்.

இரண்டாவது கருவி முகப்பு விளக்கு. இருட்டில் வண்டியைச் சுவரை நோக்கி நிறுத்தி, விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பவேண்டும். வெளிச்சம் அடியோடு மங்கினால், பாட்டரியையும் அதன் முனைகளையும் சந்தேகிக்கலாம். எப்போதாவது எஞ்சினோ செல்ப்போ இறுகிப்போயிருப்பதும் உண்டு. வெளிச்சம் குறையாமலே இருந்து, மோட்டாரும் சுழலாமல் இருந்தால், பெரு மின்சாரம் பாயவே இல்லை. அதன் வழி எங்கோ அடைபட்டிருக்கிறது.

பாட்டரியை முதலில் விசாரித்துத் தீர்த்துவிடுவது நலம். அதற்கு ஒரு வோல்ட்மீட்டர் போதும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இரவு முழுதும் ஓய்ந்திருந்த நல்ல பாட்டரி 12.6 வோல்ட் அளவு காட்டும். 12.2 எனின் பாதி தீர்ந்தது. 12-க்குக் கீழே எனின் ஏறக்குறைய வெறுமை. சாவியைத் திருப்பி எஞ்சின் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பாட்டரி தளர்ந்துவிட்டது. குளிரில் பாட்டரியின் ரசாயன வேலை மந்தமாகிறது. எஞ்சின் எண்ணெயும் தடித்துவிடுகிறது. வேலை மிகுதி, வலிமை குறைவு. தெற்கில் ஆண்டு முழுதும் ஓடியிருக்கக்கூடிய பாட்டரி வடக்கே ஜனவரியில் படுத்துவிடுவதன் காரணம் இதுவே.

அடுத்தது பாட்டரியின் முனைகள். வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், அங்கே தடை இருக்கிறது. எதிர்முனைக் கறுப்புக் கம்பியை முதலில் கழற்றவேண்டும். பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்டவேண்டும். நேர்முனையை முதலில் அவிழ்க்கப்போய் ஸ்பானர் வண்டியின் உடலில் பட்டுவிட்டால், நெருப்புப் பறக்கும். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் இவற்றைக் கழற்றி வைத்துவிட வேண்டும். பாட்டரியிலிருந்து தீப்பற்றும் வாயு வெளிவருமாதலால் பீடி, சிகரெட், தீக்குச்சி எதுவும் அருகே கூடாது. நம் சமையலறையிலுள்ள ஆப்பசோடாவை வெந்நீரில் கரைத்து, பழைய பல்துலக்கியால் அந்தப் பூப்பைத் தேய்த்தால் பொங்கிக் கரைந்துவிடும். அந்த நீர் பாட்டரியின் உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். பிறகு நல்ல நீரால் கழுவி, துடைத்து, இறுக முடுக்கி, மேலே சிறிது வாஸ்லைன் தடவிவிடலாம். பல வண்டிகளின் நோய் இவ்வளவிலேயே தீர்ந்துவிடுவதுண்டு.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ‘தட்’ தொடருமானால், செல்ப்பின் உடலை ஸ்பானரின் பிடியால் மெல்லத் தட்டிக்கொண்டே சாவியைத் திருப்பச் சொல்வது பழைய வழக்கம். தட்டியதும் சுழன்றால், உள்ளே கார்பன் தேய்ந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அறியலாம். இது வீடு போய்ச் சேர்வதற்கு உதவுமேயன்றி வைத்தியமாகாது. ஓங்கி அடிப்பது அறவே கூடாது. இக்கால மோட்டார்கள் பலவற்றில் நிலைக்காந்தங்கள் இருக்கின்றன. அடித்தால் அவை உடைந்துவிடும்.

இப்போது நம் கதைக்குத் திரும்புவோம். இரண்டாம் முறையும் தள்ளிக் கிளப்பி, மாமியை மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, இம்முறை பெரிய பணிமனைக்குச் செல்லாமல், மார்க்கெட்டின் பின்புறம் வேப்பமரத்தடியில் தொழில் நடத்தும் ஒரு வயோதிக மிஸ்திரியிடம் சென்றோம். நடந்ததையெல்லாம் நம் இந்தியில் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “ஒரு தரம் சாவியைத் திருப்புங்கள், பாபுஜி” என்றார். ‘தட்’. விளக்கைப் போடச் சொன்னார். அது மங்கவில்லை. பாட்டரியில் மீட்டரை வைத்தார், 12.5. சாவியைத் திருப்பியபோதும் 12-க்குக் கீழே இறங்கவில்லை. “பாட்டரி கொடுக்கத் தயார்; வாங்கிக்கொள்ள ஆள் இல்லை” என்றார்.

நாலைந்து முறை சாவியைத் திருப்பச் செய்தபின், எஞ்சினுக்கு வரும் ஆக்சிலேட்டர் கம்பியைத் தொட்டுப் பார்த்து, நம்மையும் தொடச் சொன்னார். அது வெதுவெதுவென்று இருந்தது. திரும்பும் வழி அடைபட்டதால், மின்சாரம் அந்த மெல்லிய கம்பி வழியாகவும் வீடு திரும்ப முயன்றிருக்கிறது! பிறகு மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும் மற்றொன்றை எஞ்சினின் உடலிலும் வைத்தார். சாவியைத் திருப்பும்போது அங்கே கால் வோல்ட் அளவுதான் காட்டவேண்டும். 6 வோல்ட் காட்டிற்று. பாதி பலம் திரும்பும் வழியிலேயே போய்விட்டது.

“அர்த் டீலா ஹை” என்று சிரித்தார். எர்த் தளர்ந்திருக்கிறது என்பது அவர் சொன்னது. எர்த் என்பதை இந்தியில் ‘அர்த்’ என்றே எழுதியும் பேசியும் வருகிறார்கள். அதே சொல்லுக்குப் பொருள், அர்த்தம் என்றும் கருத்துண்டு. நாள்தோறும் அர்த்தங்களோடு போராடுவதையே தொழிலாகக் கொண்ட நமக்கு, அர்த்தம் தளர்ந்துவிட்டது என்று ஒருவர் சொல்லக் கேட்டபோது சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

அவர் ஒரு பருத்த கம்பியின் ஒரு நுனியைப் பாட்டரியின் எதிர்முனையிலும், மறுநுனியை எஞ்சினின் இரும்பிலும் கவ்வவிட்டார். சாவியைத் திருப்பினோம். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. கியர்ப்பெட்டிக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே உள்ள பின்னல் பட்டையைக் கழற்றிக் காட்டினார். அதன் முனையும் திருகாணியும் துருவால் உப்பியிருந்தன. இரண்டையும் உப்புத்தாளால் மினுங்கும்வரை தேய்த்து, புதுத் திருகாணி போட்டு முடுக்கினார். கூலி இருநூற்றைம்பது ரூபாய். முன்பு செல்ப்பை மாற்றியபோது அப்பட்டை சற்று அசைக்கப்பட்டிருக்கும். அதனால் பன்னிரண்டு நாட்கள் தொடுப்பு இருந்தது. பிறகு பழைய நிலை. “பழைய செல்ப் எங்கே, பாபுஜி?” என்று கேட்டார். அதைத் திருப்பி வாங்கவேண்டும் என்று நமக்குத் தோன்றவேயில்லை. எரிந்துவிட்டது என்று சொல்லப்பட்ட அந்தச் செல்ப் எரிந்தே இருக்கவில்லை என்பது இப்போது விளங்கிற்று.

ஆகவே வோல்ட்மீட்டர் விதி இது: எஞ்சினைச் சுழற்ற முயலும்போது, பாட்டரியின் நேர்முனைக்கும் செல்ப்பின் பருத்த கம்பி சேரும் முனைக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. எதிர்முனைக்கும் எஞ்சினின் உடலுக்கும் இடையே கால் வோல்ட் அளவைத் தாண்டக்கூடாது. இரண்டு வழியும் சரியாக இருந்து, சாவியின் மெல்லிய கம்பியிலும் மின்சாரம் வந்து, அப்போதும் மோட்டார் சுழலவில்லை எனின், குற்றம் செல்ப்பினுடையதே. அப்போது தயங்காமல் கழற்றச் சொல்லலாம்.

கழற்றிய பிறகும் முழுதாக மாற்றவேண்டும் என்பதில்லை. அதன் உள்ளே தேயும் பகுதிகள் சிலவே. கார்பன் கட்டைகள் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் புதியவை போடலாம். அவை உராயும் செம்பு உருளை கறுத்திருந்தால் மெல்லிய உப்புத்தாளால் துலக்கலாம். எமரித் தாள் கூடாது, அதன் துகள்கள் செம்பின் இடுக்குகளில் தங்கிவிடும். இரு நுனியிலும் உள்ள புஷ் தேய்ந்திருந்தால் அச்சு தாழ்ந்து, சுழலும் பகுதி சுற்றுப்புறத்தோடு உராயும். எஞ்சின் மெதுவாகச் சுழல்வதும் கருகல் வாடை வருவதும் இதனால் நேரலாம். புஷ் மாற்றினால் தீரும். சாலினாய்டின் தொடுமுனை கருகியிருந்தால் சாலினாய்டை மட்டும் மாற்றலாம். கம்பிச் சுருள்களே வெந்திருந்தால்தான் புது மோட்டாரைப் பற்றிச் சிந்திக்கவேண்டும்.

சில எச்சரிக்கைகள். எந்தச் சோதனைக்கும் முன் கியரை நடுநிலையில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்துவிட வேண்டும். ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பி வண்டியின் அடியில் படுக்கக் கூடாது. சால்வையின் நுனியும் முந்தானையும் எஞ்சினின் பெல்ட்டில் சிக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். சாவியைத் தொடர்ந்து பத்து விநாடிக்கு மேல் பிடிக்கலாகாது. ஒரு நிமிடமாவது ஓய்வு கொடுத்த பின்னரே மறுமுறை திருப்பவேண்டும். அடுத்த வண்டியின் பாட்டரியிலிருந்து மின்சாரம் கடன் வாங்கும்போது, சிவப்பை நேர்முனையோடு நேர்முனையாக இணைத்து, கறுப்பின் ஒரு நுனியை நல்ல பாட்டரியின் எதிர்முனையிலும், மற்றொரு நுனியை நம் பாட்டரியில் அல்லாமல் அதற்குத் தள்ளி, நம் எஞ்சினின் இரும்பிலும் கவ்வவிடவேண்டும். தள்ளிக் கிளப்புவது கைக் கியர் வண்டிக்கு மட்டுமே பொருந்தும்.

இவ்வளவையும் நாமே செய்யவேண்டும் என்பதல்ல நம் கருத்து. பணிமனையில் நின்று பேசுவதற்கு நாலு சொற்கள் கையில் இருக்கவேண்டும் என்பதே. அதிர்ஷ்டவசமாக, அந்தச் சொற்கள் நமக்குப் புதியவையல்ல. செல்ப், பாட்டரி, எர்த், கார்பன், புஷ், பெண்டிக்ஸ் என்றால் தில்லியிலும் புரிந்துகொள்கிறார்கள். “செல்ப்பை மாற்றுங்கள்” என்று நாமே தீர்ப்பை எடுத்துக் கொடுக்காமல், “சாவியைத் திருப்பினால் ஒரே தடவை தட் என்கிறது, விளக்கு மங்கவில்லை” என்று கண்டதை மட்டும் சொல்லலாம். “மாற்றுவதற்கு முன் இரு பக்கமும் வோல்ட் பாருங்கள்” என்று கேட்கலாம். “மாற்றினால் பழையதைக் கையில் கொடுங்கள்” என்றும் சொல்லி வைக்கலாம். இம்மூன்று வாக்கியங்களை அந்தந்த மாநிலத்தின் மொழியில் எழுதிக் காரில் வைத்துக்கொண்டாலும் தவறில்லை. நேர்மையான தொழிலாளர் இதைக் கேட்டு வருந்தமாட்டார். நம் மிஸ்திரியைப் போல மீட்டரை எடுத்துவந்து நமக்கும் காட்டுவார்.

அதற்குப் பிறகு மாமியை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் நாட்களில், முந்தின இரவே ஒருமுறை வண்டியைக் கிளப்பிப் பார்த்துவிடுவது நம் வழக்கமாயிற்று. அந்தக் குளிர்காலம் முடியும்வரை வண்டி ஒருநாளும் ஏமாற்றவில்லை. மாமி முன்புபோல் கைப்பையை இறுகப் பிடித்துக்கொள்ளவில்லை. வண்டி கிளம்பியதும், “இன்றைக்கு நேரத்துக்குப் போய்விடுவோம்” என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். இருநூற்றைம்பது ரூபாய்ப் பட்டை அது. போகும் வழியைப் போலவே திரும்பும் வழியையும் ஒருமுறை பார்த்திருந்தால், முதல் நாளே கண்டுபிடித்திருக்கலாம்.